விம்மில் எடுத்த வரி பிரவுசரில் ஏன் ஒட்டுவதில்லை?

வாசகர் கேள்வி: சர்வர் பராமரிப்புப் பணியில் சேர்ந்து ஆறு மாதங்கள் ஆகின்றன. உபுண்டு மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்னும் தொலை இணைப்பு வழியாகச் சர்வருக்குள் நுழைந்து, ஒரே டெர்மினலில் பல அமர்வுகளை நடத்தும் டிமக்ஸுக்குள் விம் எடிட்டரைத் திறந்து கான்ஃபிக் ஃபைல்களைத் திருத்துகிறேன். விம்மில் ‘ஒய்’ கொடுத்து எடுத்த வரிகளைப் பிரவுசரில் ஒட்டினால், காலையில் எப்போதோ காப்பி செய்த பழைய வரி வந்து விழுகிறது. மவுஸால் இழுத்து எடுத்தால் வரி எண்களும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. வெளியிலிருந்து யாமல் (இடைவெளிகளால் அடுக்கைக் காட்டும் கான்ஃபிக் வடிவம்) வரிகளைக் கொண்டுவந்து ஒட்டினால் படிக்கட்டுபோல வலப்பக்கம் சரிந்துகொண்டே போகின்றன. உடன் பணிபுரியும் அண்ணன் ஒருவர் விம்ஆர்சி என்னும் விம்மின் அமைப்பு ஃபைலில் ‘செட் கிளிப்போர்டு=அன்நேம்ட்பிளஸ்’ என்று சேர்க்கச் சொன்னார்; சேர்த்தும் பயனில்லை. பேசாமல் நானோ எடிட்டருக்கு மாறிவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

ஒரே கோளாறு என்று நினைத்து நீங்கள் எழுதியிருப்பவை தனித்தனியான நான்கு கோளாறுகள். அவற்றுக்கு ஒரே மருந்தைத் தேடியதால்தான் உங்கள் சக பணியாளர் சொன்ன அந்த ஒற்றை வரி பலிக்கவில்லை. ‘காப்பி ஆகவில்லை’ என்று தோன்றும்போதெல்லாம் கேட்க வேண்டிய கேள்வி, எடுத்த வரி எந்தப் பெட்டிக்குள் போயிற்று, அந்தப் பெட்டி எந்தக் கணினியில் இருக்கிறது என்பதுதான். உங்கள் வரிகள் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகவே எடுக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் திறந்து பார்த்த பெட்டிதான் வேறு. (கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். ‘ஒய்’, ‘பி’ என்று வருமிடங்களில் கீபோர்டில் அந்த ஆங்கிலச் சிற்றெழுத்து விசையைத் தட்டுங்கள்.)

விம்முக்கும் கிளிப்போர்டுக்கும் பிறப்பிலேயே உறவு இல்லை. வெட்டுதல், நகலெடுத்தல், ஒட்டுதல் என்று இன்று எல்லோரும் அறிந்த முறை 1970களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லர் முதலியோர் கைகளில் உருவானது. விம்முக்கு மூலமான வி-ஐ எடிட்டரை 1976இல் பெர்க்லியில் பில் ஜாய் எழுதியபோது அவர் முன்னால் இருந்தது எழுத்துகளை மட்டுமே காட்டும் டெர்மினல். அதில் சாளரங்களும் இல்லை, சாளரத்துக்குச் சாளரம் எதையும் கொண்டுபோக வேண்டிய தேவையும் இல்லை. 1991இல் பிராம் மூலெனார் வெளியிட்ட விம் அந்த மரபைத்தான் தொடர்ந்தது. ‘காப்பி’க்குரிய ‘சி’ விசை ஏற்கெனவே ‘சேஞ்ச்’ கட்டளைக்குப் போய்விட்டதால்தான் நகலெடுப்பதற்கு ‘யாங்க்’ என்ற சொல்லும் ‘ஒய்’ விசையும் வந்தன. ‘ஒய்’ கொடுத்தால் வரி விம்மின் சொந்த ரெஜிஸ்டருக்கு, அதாவது அதன் உள் பெட்டிக்கு, போகும். அந்த ரெஜிஸ்டர் பிரவுசரின் கண்ணுக்குத் தெரியாது.

வெளியுலகத்தோடு தொடர்புடைய ரெஜிஸ்டர்கள் இரண்டு: கூட்டல் குறி ரெஜிஸ்டர், நட்சத்திரக் குறி ரெஜிஸ்டர். விண்டோஸிலும் மேக்கிலும் இரண்டும் ஒன்றுதான். லினக்ஸில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ்11 சூழலில் அவை வேறு வேறு. மவுஸால் இழுத்தவுடனே நிரம்பி, நடுப் பொத்தானை அழுத்தினால் ஒட்டுகிற ‘பிரைமரி’ தேர்வு நட்சத்திரக் குறிக்கு உரியது. கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-வி வழியாக நாம் புழங்குகிற கிளிப்போர்டு கூட்டல் குறிக்கு உரியது. ஆகவே வரிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு ‘"+ஒய்’ என்று தட்டினால் அவை கிளிப்போர்டுக்குப் போக வேண்டும். எடுக்கவும் அப்படியே ‘"+பி’.

‘போக வேண்டும்’ என்று நான் எழுதக் காரணம் உண்டு. விம்மைக் கம்பைல் செய்யும்போது கிளிப்போர்டு வசதியைச் சேர்க்காமல் விட்டிருந்தால் இந்த ரெஜிஸ்டர்களுக்குப் பின்னால் எதுவும் இருக்காது. டெர்மினலில் ‘விம் --வெர்ஷன்’ என்று கொடுத்து, வரும் நீண்ட பட்டியலில் ‘கிளிப்போர்டு’ என்ற சொல்லுக்கு முன்னால் கூட்டல் குறி இருக்கிறதா, கழித்தல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். உபுண்டுவில் ‘விம்’ என்ற பெயரிலேயே கிடைக்கும் பேக்கேஜில் கழித்தல் குறிதான் இருக்கும். அண்ணன் சொன்ன வரி பலிக்காததற்கு முதல் காரணம் இதுதான். இல்லாத வசதிக்கான அமைப்பை விம்ஆர்சியில் எழுதினால் விம் பிழை என்று கத்துவதில்லை. கேட்டதுபோலத் தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். எனக்கு விம்மின் மேல் மிகுந்த மதிப்பு உண்டு; ஆனால் இந்த மௌனத்தை மட்டும் இத்தனை ஆண்டுகளில் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மடிக்கணினியில் தீர்வு எளிது. ‘விம்-ஜிடிகே3’ என்ற பேக்கேஜை நிறுவுங்கள். பெயரைப் பார்த்துத் தனிச் சாளரம் திறக்கும் எடிட்டர் என்று தயங்க வேண்டாம். டெர்மினலில் வழக்கம்போல் ‘விம்’ என்று கொடுத்தாலே கிளிப்போர்டு வசதியோடு கூடிய விம் திறக்கும். ஃபெடோராவில் இருப்பவர்கள் ‘விம்-எக்ஸ்11’ பேக்கேஜை நிறுவி ‘விம்எக்ஸ்’ என்ற கட்டளையால் திறக்க வேண்டும். நிறுவிய பிறகு ஐந்தாறு வரிகளைத் தேர்ந்தெடுத்து ‘"+ஒய்’ கொடுத்துத் திரையின் கடைசி வரியைக் கவனியுங்கள். எத்தனை வரிகள் யாங்க் ஆயின என்ற செய்தியின் முடிவில் ‘இன்டு "+’ என்று இருந்தால் வரி சரியான பெட்டிக்குள் போயிருக்கிறது. எண்ணிக்கை மட்டும் வந்து அந்த ஒட்டு இல்லையென்றால் பழையபடி உள் ரெஜிஸ்டருக்குத்தான் போயிருக்கிறது. பலரும் கவனிக்காத இந்தச் சிறு செய்தியை நான் முதலில் பார்ப்பேன்.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. எக்ஸ்11 சூழலில் கிளிப்போர்டு என்பது எழுத்துகளை வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கு அன்று. ‘என்னிடம் இருக்கிறது, வேண்டியவர் கேட்கலாம்’ என்று ஒரு செயலி அறிவித்துவிட்டு, மற்றொரு செயலி ஒட்ட வரும்போதுதான் எழுத்துகளை நேரில் கொடுக்கிறது. ஆகவே ‘"+ஒய்’ கொடுத்த கையோடு விம்மை மூடிவிட்டால், கொடுப்பதற்கு ஆள் இருப்பதில்லை. கிளிப்போர்டு மேலாளர் இயங்கும் டெஸ்க்டாப்புகளில் அது முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வதால் தப்பிக்கலாம். மற்றவற்றில் ஒட்டினால் ஒன்றும் வராது. கன்ட்ரோல்-இசட் அழுத்தி விம்மை உறங்க வைத்தாலும் இதே கதைதான்.  ‘சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை’ என்று சொல்பவர்களில் பலர் ஒட்டுவதற்கு முன் விம்மை மூடுபவர்கள்.

இனி உங்கள் உண்மையான தொல்லைக்கு வருகிறேன். நீங்கள் திருத்துவது மடிக்கணினியில் இருக்கும் ஃபைல் அன்று. சர்வரில் இருக்கும் ஃபைல். விம் ஓடுவதும் அங்கேதான். அந்தச் சர்வருக்குத் திரையும் இல்லை, டெஸ்க்டாப்பும் இல்லை, கிளிப்போர்டும் இல்லை. அங்கே ‘விம்-ஜிடிகே3’ நிறுவினாலும் எட்டிப் பிடிக்க எதுவும் கிடையாது. சர்வரில் தேவையற்ற வரைகலை நூலகங்கள் சேருவது மட்டுமே மிச்சம். எஸ்எஸ்ஹெச் கட்டளையில் எக்ஸ்11 ஃபார்வர்டிங்கைச் சேர்த்து மடிக்கணினியின் கிளிப்போர்டைச் சர்வர்வரை நீட்டும் பழைய வழி ஒன்று உண்டு. அதற்குச் சர்வர் பக்கத்திலும் அனுமதி வேண்டும். இணைப்பு மெதுவாக இருந்தால் விம் திறப்பதற்கே நேரம் பிடிக்கும். சர்வரில் யாரேனும் ஊடுருவினால் உங்கள் திரைவரை அவருக்கு ஒரு பாதை கிடைக்கும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

நான் பரிந்துரைப்பது ஓஎஸ்சி 52 என்னும் வழி. சர்வரில் ஓடும் விம் திரையில் எழுத்துகளைக் காட்டுவதற்காக எப்படியும் உங்கள் டெர்மினலுக்குத் தொடர்ந்து தரவு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தரவோடு தரவாக ஓர் எஸ்கேப் தொடரையும் (டெர்மினலுக்கான கட்டளைக் குறிகள்) அனுப்பினால், டெர்மினல் அதைத் திரையில் காட்டாமல், அதனுள் இருப்பதை எடுத்துத் தன் கணினியின் கிளிப்போர்டில் வைத்துவிடும். எஸ்கேப் எழுத்து, சதுர அடைப்பின் மூடும் குறி, 52 என்ற எண், கிளிப்போர்டைக் குறிக்கும் ‘சி’, அதன்பின், எந்தத் தரவையும் சாதாரண எழுத்துகளாக்கும் பேஸ்64 முறையில் மாற்றப்பட்ட உங்கள் எழுத்துகள், கடைசியில் முடிவுக் குறி: அவ்வளவுதான் அந்தத் தொடர். இடையில் எத்தனை எஸ்எஸ்ஹெச் தாவல்கள் இருந்தாலும் அது கடந்துவரும். தனியாக எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை.

பேஸ்64 மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக்குகிறது. ‘தமிழ்’ என்ற சொல் யூனிக்கோடில் ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் 15 பைட். பேஸ்64இல் அது 20 எழுத்துகள். சில டெர்மினல்கள் இத்தொடரின் நீளத்துக்கு வரம்பு வைத்திருக்கின்றன. எனவே ஒரு திரை அளவு வரிகளுக்கு இந்த வழியை வைத்துக்கொள்ளுங்கள். முழு லாக் ஃபைலையும் கொண்டுவர எஸ்சிபி கட்டளையே தகும்.

இதற்கு மூன்று இடங்களில் ஒப்புதல் வேண்டும். முதலாவது எடிட்டர். விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் எடிட்டரில் 0.10 பதிப்பிலிருந்து இது உள்ளேயே வருகிறது. எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்திருப்பதையும் டெர்மினலுக்கு இத்திறன் இருப்பதையும் கண்டால் தானாகவே பயன்படுத்திக்கொள்ளும். அதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘செட் கிளிப்போர்டு’ வரி அமைப்பில் இருந்தால் அந்தப் பதிப்பில் இந்தத் தானியங்கித் தேடல் நடப்பதில்லை. அதாவது அண்ணனின் வரியே குறுக்கே நிற்கும். விம்மில் இருந்தால் ‘ஓஎஸ்சி-யாங்க்’ என்ற சிறு பிளக்இன்னைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது டிமக்ஸ். அதன் ‘செட்-கிளிப்போர்டு’ அமைப்பு 2.6 பதிப்பு முதல் ‘எக்ஸ்டர்னல்’ என்ற நிலையிலேயே வருகிறது. டிமக்ஸின் சொந்தக் காப்பி வெளியே போகும், ஆனால் அதற்குள் ஓடும் செயலிகள் அனுப்பும் தொடரை டிமக்ஸ் விழுங்கிவிடும் என்பது இதன் பொருள். டிமக்ஸின் கான்ஃபிக் ஃபைலில் ‘செட் -எஸ் செட்-கிளிப்போர்டு ஆன்’ என்று எழுதினால்தான் விம்மின் தொடர் வெளியே செல்லும். உங்கள் கடிதத்தில் டிமக்ஸ் என்ற சொல்லைப் பார்த்ததுமே எனக்கு இதன்மேல்தான் சந்தேகம் விழுந்தது.

மூன்றாவது உங்கள் மடிக்கணினியின் டெர்மினல். கிட்டி, அலாக்ரிட்டி, வெஸ்டெர்ம், ஃபுட் ஆகியவையும் விண்டோஸ் டெர்மினலும் இத்தொடரை ஏற்கும். மேக்கின் ஐடெர்ம்2இல் செயலிகள் கிளிப்போர்டைத் தொடலாம் என்ற அனுமதியை அமைப்புகளில் கொடுக்க வேண்டும். எக்ஸ்டெர்ம் இதை அறியும், ஆனால் இயல்பாகத் தடுத்து வைத்திருக்கும். உபுண்டுவோடு நெடுங்காலமாக வந்த க்னோம் டெர்மினல் பதிப்புகளில் இந்த வசதி இல்லாததால், நீங்கள் பயன்படுத்துவது அதுவானால் மேற்சொன்ன ஒன்றுக்கு மாறுவதே நல்லது. இன்னொன்றையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்: பெரும்பாலான டெர்மினல்கள் கிளிப்போர்டில் எழுத விடுமே தவிர, சர்வரிலிருக்கும் செயலி அதைப் படிக்க விடமாட்டா. அது சரியான கட்டுப்பாடு என்றே நானும் கருதுகிறேன். உங்கள் கிளிப்போர்டில் சற்றுமுன் காப்பி செய்த பாஸ்வேர்டு இருக்கலாம். ஆகவே சர்வரிலிருந்து எடுப்பதற்கு ஓஎஸ்சி 52. சர்வருக்குள் ஒட்டுவதற்கு டெர்மினலின் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-வி.

அந்த கன்ட்ரோல்-ஷிஃப்ட்-வியில்தான் உங்கள் படிக்கட்டு தொடங்குகிறது. டெர்மினலில் ஒட்டும்போது எழுத்துகள் ஒரு கட்டாக வருவதில்லை. யாரோ அசுர வேகத்தில் தட்டச்சு செய்வதுபோல ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மனிதர்தான் தட்டுகிறார் என்று எண்ணி விம் தன் உபசாரத்தைச் செய்கிறது: ஒவ்வொரு புது வரியையும் முந்தைய வரியின் இடைவெளியிலிருந்து தொடங்கி வைக்கிறது. நீங்கள் ஒட்டும் யாமல் வரியிலோ அதன் சொந்த இடைவெளியும் உண்டு. இரண்டும் கூடி, இரண்டாம் வரி இரண்டு இடம் தள்ளி நின்றால் நான்கு இடம் தள்ளவேண்டிய மூன்றாம் வரி ஆறு இடம் தள்ளிப்போகும்; இப்படி ஒவ்வொன்றாகச் சரியும். நடுவில் கமென்ட் வரி ஒன்று வந்தால் இன்னும் மோசம். அடுத்தடுத்த வரிகளுக்கும் விம்மே கமென்ட் குறியைப் போட்டுக்கொண்டே போகக்கூடும்.

இதைவிடக் கொடியது, தட்டுவதை எழுத்தாகவே ஏற்கும் இன்சர்ட் நிலைக்குப் போகாமல் ஒட்டிவிடுவது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘போர்ட்: 8080’ என்ற ஆங்கில வரியை அப்படி ஒட்டினேன். முதல் எழுத்தான ‘பி’யை விம் ஒட்டும் கட்டளையாகக் கொண்டு, ரெஜிஸ்டரில் கிடந்த பழைய வரி ஒன்றை ஃபைலில் போட்டது; இரண்டாம் எழுத்தான ‘ஓ’ கீழே புது வரி திறந்து இன்சர்ட் நிலைக்குக் கொண்டுபோனது; மிச்சமிருந்த ‘ஆர்டி: 8080’ அங்கே எழுத்தாக விழுந்தது. திரையில் பார்த்தால் ஏறக்குறைய சரியாகவே தோன்றியது. சேமித்துவிட்டுச் சர்வீஸை மறுபடி தொடங்கிய பிறகுதான் அது எழ மறுத்தது. பழைய வரி இரண்டு முறை இருப்பதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

இரண்டுக்கும் மருந்து ‘பிராக்கெட்டட் பேஸ்ட்’. டெர்மினல் ஒட்டப்படும் எழுத்துகளுக்கு முன்னும் பின்னும் 200, 201 என்ற எண்களைக் கொண்ட எஸ்கேப் தொடர்களை வைத்து அனுப்பும். விம் அவற்றைக் கண்டு ‘இது தட்டச்சு அன்று, ஒட்டு’ என்று புரிந்துகொள்ளும். 2017 முதல் விம் இதை அறியும். ஆனால் டெர்மினலின் வகைப் பெயர் ‘எக்ஸ்டெர்ம்’ என்று தொடங்கினால்தான் தானாகச் செயல்படுத்தும். டிமக்ஸுக்குள் அந்தப் பெயர் ‘ஸ்கிரீன்’ என்றோ ‘டிமக்ஸ்’ என்றோ மாறிவிடுகிறது. மடிக்கணினியில் நேராக ஒட்டினால் சரியாக இருந்து, சர்வரின் டிமக்ஸுக்குள் மட்டும் சரிகிறது என்றால் காரணம் இதுவே. விம்மில் ‘:ஹெல்ப் எக்ஸ்டெர்ம்-பிராக்கெட்டட்-பேஸ்ட்’ என்று கேட்டால், விம்ஆர்சியில் சேர்க்க வேண்டிய சில வரிகள் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். அவற்றை அங்கிருந்தே ‘ஒய்’ கொடுத்து எடுத்து, அதே விம்மில் விம்ஆர்சியைத் திறந்து ‘பி’ கொடுத்து ஒட்டலாம். இந்த ஒரு வேலைக்குக் கிளிப்போர்டு வேண்டியதில்லை.

அடுத்தவர் சர்வரில் விம்ஆர்சியைத் தொட முடியாதபோது ‘:செட் பேஸ்ட்’ கொடுத்து, இன்சர்ட் நிலைக்குச் சென்று ஒட்டிவிட்டு, உடனே ‘:செட் நோபேஸ்ட்’ கொடுங்கள். பின்னதை மறந்தால் தானியங்கி இடைவெளி, டேப்பை ஸ்பேஸாக்குவது, இன்சர்ட் நிலைக்கு நீங்கள் வைத்திருக்கும் குறுக்கு விசைகள் எல்லாம் முடங்கிக் கிடக்கும். பிறகு எடிட்டர் பழுதாகிவிட்டது என்று இன்னொரு கடிதம் எழுத நேரும்.

மவுஸ் விஷயம் சிறியது. விம் மவுஸைத் தன்வசம் எடுத்துக்கொண்டிருக்கும்போது இழுத்தால் அது விம்மின் தேர்வு. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் டெர்மினலின் தேர்வு. டெர்மினலுக்குத் திரையில் தெரியும் எழுத்துகள் மட்டுமே தெரியும் என்பதால் வரி எண்களையும் அது உள்ளடக்கமாகவே எடுக்கும். டேப்பை ஸ்பேஸாகக் கொடுக்கும். திரைக்குக் கீழே இருக்கும் வரிகளை எடுக்கவே எடுக்காது. அவசரத்துக்கு ‘:செட் நோநம்பர்’ கொடுத்துவிட்டு எடுங்கள். டிமக்ஸும் மவுஸைப் பிடித்து வைத்திருந்தால் அங்கும் ஷிஃப்ட் உதவும்.

அண்ணனின் வரி கிளிப்போர்டு வசதியுள்ள விம்மில் வேலை செய்யும். இருந்தும் நான் அதை வைத்துக்கொள்வதில்லை. அதை இட்டுவிட்டால் ‘ஒய்’ மட்டுமல்லாமல் ‘டி’, ‘சி’, ‘எக்ஸ்’ என்று எதைக் கொடுத்தாலும் நீக்கிய எழுத்துகள் கிளிப்போர்டுக்குப் போய், அங்கிருந்ததை அழித்துவிடும். பிரவுசரில் புதிய டோக்கனைக் காப்பி செய்து, விம்முக்கு வந்து பழைய டோக்கன் வரியை ‘டிடி’ கொடுத்து நீக்கி, ‘பி’ கொடுத்தால் நீக்கிய பழைய வரியே திரும்பி வந்து உட்காரும். அதற்குப் பதிலாக லீடர் விசையோடு (சொந்தக் குறுக்கு விசைகளுக்கு முன்னால் தட்டும் விசை) ‘ஒய்’ தட்டினால் ‘"+ஒய்’ நடக்கும்படி விம்ஆர்சியில் ஒரு மேப் எழுதிக்கொள்ளுங்கள். வெளியே போக வேண்டியது எது என்பதை நீங்கள் சொல்லும்போது மட்டும் போகட்டும்.

விம்முக்குள்ளேயே எடுத்து ஒட்டும்போதும் இதே ஏமாற்றம் நேரும். ஒரு வரியை ‘ஒய்’ கொடுத்து எடுத்து, இன்னொன்றை நீக்கிவிட்டு ஒட்டினால் நீக்கியதுதான் வரும். கடைசியாக யாங்க் செய்தது பூஜ்ய ரெஜிஸ்டரில் பத்திரமாக இருக்கும், ‘"0பி’ என்று கேளுங்கள். தேர்ந்தெடுத்த பகுதியின் மேல் ஒட்டுவதாக இருந்தால், விம் 9இல் பெரிய எழுத்து ‘பி’ கொடுத்தால் எடுத்து வைத்தது மாறாது.

நானோவுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானோவிலும் ஆல்ட்-6 கொடுத்து எடுப்பதும் கன்ட்ரோல்-கே கொடுத்து வெட்டுவதும் அதன் சொந்தப் பெட்டிக்குத்தான் போகின்றன. கன்ட்ரோல்-யு அங்கிருந்துதான் ஒட்டுகிறது. சர்வரில் ஓடும் எந்த எடிட்டரானாலும் மடிக்கணினியின் கிளிப்போர்டு அதற்கு மறுகரைதான். பிடித்திருந்தால் தாராளமாக மாறுங்கள். இந்தத் தொல்லைக்காக மாற வேண்டாம்.

முதலில் விம்மில் ‘ஓஎஸ்சி-யாங்க்’ பிளக்இன்னைச் சேர்த்து, டிமக்ஸ் அமைப்பை ‘ஆன்’ என்று மாற்றி, டிமக்ஸை முழுவதும் மூடித் திறந்து, கிட்டியிலோ அலாக்ரிட்டியிலோ ஒருமுறை சோதியுங்கள். அப்போதும் பிரவுசரில் பழைய வரியே வந்தால், டிமக்ஸுக்கு வெளியே நேராக எஸ்எஸ்ஹெச்சில் விம்மைத் திறந்து அதே சோதனையைச் செய்து, இரண்டு முறையும் திரையின் கடைசி வரியில் வந்த செய்தி என்ன, டெர்மினலின் பெயரும் பதிப்பும் என்ன என்பதை எழுதி அனுப்புங்கள்.